வெறும் வயிற்றில்

அப்பாவின் ரத்தத்தில் வெகுநாள் ஒரு குறையும் கிடைக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நல்ல ரத்தம்தான் அவரைப் பல மாதம் தரையில் உட்கார வைத்தது.

அப்பா டவர் கிரேன் ஓட்டினார். கட்டடம் எழும்புவதற்கு முன்பே எழுந்து நிற்கும் மஞ்சள் இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் ஒரு கண்ணாடி அறை, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு. விடிந்தும் விடியாமலும் ஏணியில் ஏறினால் இருட்டும்போதுதான் இறங்குவார். ஒரு பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர், வாக்கி டாக்கி, ஒரு காலி பாட்டில். காலி பாட்டில் எதற்கு என்று சின்ன வயதில் கேட்டேன். "மேல பாத்ரூம் கட்ட மறந்துட்டாங்கடி" என்றாள் அம்மா.

வேலைத்தளத்தில் அவருக்குப் பெயர் மேல்மாடி. அவர் விடுப்பு எடுக்கும் நாளில் ஆட்கள், "இன்னைக்கு மேல்மாடி காலிடா" என்று கத்திக்கொள்வார்களாம். அவரும் அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார்.

மேலே இருப்பவருக்குக் கொக்கியின் அடியில் நடப்பது பாதி நேரம் தெரியாது. கீழே ஒருவர் நின்று சொல்ல வேண்டும். "எறக்குண்ணே, எறக்கு, இன்னும் கொஞ்சம், நில்லு." அப்பாவுக்கு அப்படிச் சொன்னவர் வாக்கி டாக்கி வருவதற்கு முன் விசில் ஊதித்தான் சொல்வார். அதனால் அவர் விசில். கருவி மாறியும் பெயர் மாறவில்லை. நான் அவரைச் சித்தப்பா என்பேன். ரத்த உறவு இல்லை. ஆனால் பகல் முழுவதும் அப்பாவின் காதில் இருந்த குரல் அவருடையதுதான்.

அம்மா போன பிறகு அப்பா தனியாக இருந்தார். இரண்டு அறை, ஒரு சமையலறை. நான் வேறு ஊரில். ஆஸ்பத்திரிகளில் ரத்தம் பரிசோதிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. எண் சரியாக வருகிறதா என்று பார்த்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவேன். இயந்திரம் எவ்வளவு என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

ஒரு நாள் காலை அலாரத்தை நிறுத்த அப்பா படுத்தபடியே வலது பக்கம் திரும்பினார். அறை சுற்றியது. மின்விசிறி நின்றிருந்தது, கூரை சுற்றியது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மூடினாலும் நிற்கவில்லை. வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. எழுந்தபோது மறுபடி ஒரு சுற்று.

எனக்குக் கூப்பிடவில்லை. விசில் சித்தப்பாவுக்குக் கூப்பிட்டார்.

"என்ன பண்ணுதுண்ணே?"

"மயக்கமா இருக்குடா."

இந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் செய்தது. நம் மொழியில் மயக்கம் என்பது பெரிய கோணிப்பை. பசித்தாலும் மயக்கம். குமட்டினாலும் மயக்கம். கூரை சுற்றினாலும் மயக்கம். நினைவு தப்பிக் கீழே விழுந்தாலும் மயக்கம்தான். சித்தப்பா ஆஸ்பத்திரி வாசலில் அதே சொல்லைச் சொன்னார். சீட்டு எழுதியவர் அதையே எழுதினார். உள்ளே அதற்குப் பொருள் நினைவு தப்புதல்.

அவசரப் பிரிவு டாக்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். அப்பாவை விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், பேச்சு குழறுகிறதா என்று பார்த்தார். மூளையில் ரத்தம் அடைத்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார். அது ரத்தப் பரிசோதனையில் தெரிகிற விஷயம் இல்லை. பிறகு ரத்தம். சர்க்கரை, ஹீமோகுளோபின், உப்புகள்.

"எல்லாம் நார்மல். பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டார். காகிதத்தில் இருந்தது: மயக்கம், காரணம் தெரியவில்லை.

வேலைத்தளத்தின் பாதுகாப்பு அதிகாரி அந்தக் காகிதத்தைப் படித்தார். அப்பாவைவிட வயதில் மிகவும் சின்னவர்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. காரணம் தெரியாம உங்களை மேல ஏத்த முடியாது. கொக்கில ரெண்டு டன் தொங்கும்போது நீங்க மயங்கிட்டா கீழ நிக்கறவன் கதி என்ன?"

"மயங்கலப்பா. சுத்துச்சு."

"காரணத்தோட எழுதி வாங்கிட்டு வாங்கண்ணே. அப்புறம் நீங்க நிலாவுக்கே ஏறுங்க, நான் கேக்கல."

அவர் சொன்னதில் தவறே இல்லை. அப்பாவை ஸ்டோர் ரூமில் போட்டார்கள். இரும்பு அலமாரிகள், ஒரு குழல் விளக்கு, ஜன்னல் இல்லை. காலையில் ஆட்கள் வந்து கையுறையும் தலைக்கவசமும் வாங்கிப் போவார்கள். மாலையில் திருப்பிக் கொடுப்பார்கள். நடுவில் யாரும் வருவதில்லை.

"மேல இருந்தா ஊரே தெரியும் பாப்பா. இங்க ஒரு செவுரு தெரியுது. நானும் அதுவும் பாத்துக்கிட்டே இருக்கோம். யாரு முதல்ல கண்ணச் சிமிட்டறதுன்னு போட்டி."

அவர் கோபமெல்லாம் ரத்தத்தின் மேல் திரும்பியது.

"எல்லாம் நார்மல்னு போட்டுத் தொலைச்சிருக்கான்."

"அது நல்ல விஷயம்ப்பா."

"யாருக்கு? ஏதாவது ஒண்ணு கெட்டிருந்தா மாத்திரையப் போட்டுட்டு மேல போயிருப்பேன். ஒண்ணும் கெடாததை எப்படி ரிப்பேர் பண்றது? நீயே சொல்லு இன்ஜினியரம்மா."

ரிப்பேர்க்காரியாக எனக்கும் அந்த நியாயம் புரிந்தது. சரியாக ஓடிக்கொண்டே அவ்வப்போது தவறு செய்யும் இயந்திரம்தான் மிகவும் கஷ்டம்.

வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு மேஜை. ரத்தம் எடுக்க ஒரு பெண். அப்பா அவளுக்கு வைத்த பெயர் ஊசிப் பொண்ணு. கிளினிக் டாக்டரிடம் கெஞ்சிக் கெஞ்சி ஒவ்வொன்றாக எழுதி வாங்கிக்கொண்டு அங்கே போவார். தைராய்டு. இரும்புச்சத்து. பி பன்னிரண்டு. சிறுநீரகம். எல்லாவற்றிலும் தேறினார். பள்ளியில் ஒரு வருடமும் ஒழுங்காகத் தேறாதவர்.

"திரும்பவும் வந்துட்டீங்களாப்பா? போன வாரம் எடுத்ததே இன்னும் ஊறியிருக்காதே" என்பாளாம் ஊசிப் பொண்ணு.

"ஊறுற வரைக்கும் எடும்மா. எங்கயாவது ஒரு மூலையில குறை ஒளிஞ்சுக்கிட்டிருக்கும்."

ஊசி குத்தும்போது கையைப் பிடித்துக்கொள்வாள், குத்தின இடத்தில் பஞ்சை வைத்து அவர் விரலை அதன் மேல் அழுத்தி வைப்பாள் என்று ஒருமுறை போனில் சொன்னார். ஏன் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தார். குரலில் துள்ளல்.

"பாப்பா, கெட்டிருக்கு!"

"என்னப்பா கெட்டிருக்கு?"

"சர்க்கரை! சாப்பிட்டதும் ஏறணுமாம்ல. எனக்கு எறங்குதாம். அதான் மயக்கமாம். கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிட்டா போதும்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. திங்கக்கிழமை மேல போறேன். விசிலுகிட்ட சொல்லிட்டேன். அவன் பழைய விசிலைத் தேடி எடுத்து ஊதிக்கிட்டு இருக்கான்."

மறுநாள் ஊருக்குப் போனேன். முடிவுத்தாள் மேஜை மேல், தண்ணீர் பட்டுவிடாதபடி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. சாப்பிட்ட பின் சர்க்கரை அறுபத்தாறு. மறுநாள் வெறும் வயிற்றில் எழுபத்து நாலு. சாப்பிட்டவருக்கு அறுபத்தாறு குறைவுதான். டாக்டர் தாளைப் பார்த்துச் சொன்னது தாளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் அதே ரத்தத்தில் கொழுப்பும் பார்த்திருந்தார்கள். சாப்பிட்டு வந்தவருக்கு ட்ரைகிளிசரைடு கொஞ்சமாவது ஏறியிருக்கும். அவருக்கு அடியில் கிடந்தது. அது மட்டும் ஆதாரம் ஆகாது. ஆனால் எனக்கு அது உறுத்தியது. சமையலறைக்குப் போனேன். அடுப்பு மேல் மெல்லிய தூசி. பாத்திரங்கள் எல்லாம் கவிழ்த்து, காய்ந்து, ஒழுங்காக இருந்தன. ஒரு வீட்டில் பாத்திரம் அவ்வளவு ஒழுங்காக இருக்கக்கூடாது.

"அப்பா, இதுக்கு ரத்தம் குடுத்த முதல் நாள் காலைல என்ன சாப்டீங்க?"

"சாப்பிட்டதுதான்."

"என்ன சாப்டீங்க?"

"விசாரணைக் கமிஷன் மாதிரி கேக்கற."

"சாப்டீங்களா இல்லையா?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"வெறும் வயித்துலதான் போனேன். அப்படித்தான் வரச் சொன்னாங்க. ரெண்டு மூணு பேரு முன்னாடி உக்காந்திருந்தாங்க. எம்முறை வந்ததும் அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்துக் கேட்டுச்சு, சாப்டீங்களாப்பான்னு. சாப்டேம்மா, நீ சாப்டியான்னேன்."

"அப்பா!"

"வாய் தானா சொல்லிடுச்சு பாப்பா. அது, அப்படியா, அப்ப சாப்பிட்ட பின்ன எடுக்கறதை இன்னைக்கு எடுத்துக்கறேன், நாளைக்கு வெறும் வயித்துல வாங்கன்னுச்சு. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? பொய் சொன்ன மாதிரி ஆயிடும்ல."

"பொய்தானே சொன்னீங்க."

"இல்லைன்னு சொன்னா அந்தப் பொண்ணு சங்கடப்படாதா? ஒருத்தங்க சாப்டியான்னு கேட்டா சாப்டேன்னுதான் சொல்லணும். உங்கம்மா உனக்கு அதைச் சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்திருந்தாள். நானும் போனில் தினமும் அதைத்தான் சொல்வேன். அவரும் அதைத்தான் சொல்வார். இரண்டு பக்கமும் சாப்பிட்டாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு வைத்துவிடுவோம்.

பரிசோதனை நிலையத்தில் அந்தக் கேள்விக்கு அன்பு என்று பொருள் இல்லை. ரத்தக் குப்பியின் மேல் எந்தச் சீட்டை ஒட்டுவது என்பதுதான் பொருள். அவள் சரியான சீட்டைத்தான் ஒட்டினாள். பதில்தான் வேறு கேள்விக்கான பதில்.

"முந்தின ராத்திரி?" என்றேன்.

"மத்தியானம் சாப்பிட்டதே தாங்குச்சு" என்றார். ஆக, அறுபத்தாறு என்பது முந்தின நாள் மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாத மெலிந்த மனிதரின் ரத்தம். அதில் நோய் ஒன்றும் இல்லை.

"சர்க்கரை எறங்குனா கூரை சுத்தாதுப்பா. வேர்க்கும், நடுங்கும். உங்களுக்குப் படுத்துக்கிட்டுத் திரும்பும்போதுதானே சுத்துது?"

"வலது பக்கம் திரும்புனா. அண்ணாந்து பாத்தாலும்."

"இப்பவும் வருதா?"

"எப்பவாவது." பிறகு, மெதுவாக: "விட்டுடேன் பாப்பா. டாக்டரே எழுதிட்டாரு. திங்கக்கிழமை ஏறிக்கறேன். உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரிஞ்சது, ரெண்டு பேரும் வாய மூடிக்குவோம். அந்தச் செவுத்தோட என்னால குடும்பம் நடத்த முடியல."

அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார். நான் தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கொக்கிய வலது பக்கம் திருப்பி எறக்கும்போது சுத்துனா?" என்றேன்.

அப்பா உள்ளங்கையைப் பார்த்தார். அந்தக் கை லீவரைப் பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் காய்த்திருக்கும்.

"கீழ விசிலு நிப்பான்" என்றார்.

தாளை உறையோடு எடுத்து மடித்தார். உறை மடியவில்லை. அலமாரியின் பின்னால் சொருகிவிட்டார்.

திங்கட்கிழமை அவரைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். நடுத்தர வயதுப் பெண். அப்பா மயக்கம் என்று தொடங்கியதும், "அந்த வார்த்தையை வெளிய வச்சுட்டு வாங்க" என்றார். "நீங்க சுத்துறீங்களா, வீடு சுத்துதா?"

"வீடுதாம்மா. நான் கெட்டியாத்தான் இருக்கேன்."

கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, சட்டென்று சாய்த்துப் படுக்க வைத்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது. இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு அப்பாவின் கண்கள் துடிக்கத் தொடங்கின. பூமி அதிர்வு அளக்கும் முள்ளைப் போல, ஒரு பக்கமாகச் சுழன்று சுழன்று திரும்பின. அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது.

"இதான். ரத்தத்துல தேடுனா கிடைக்காது. கண்ணுல இருக்கு" என்றார் டாக்டர். உள்காதில் நம்மைச் சமனாக நிறுத்தும் இடத்தில் மிகச் சின்ன சுண்ணாம்புக் கற்கள் உண்டு. அவற்றில் சில கழன்று பக்கத்துக் குழாய்க்குள் விழுந்துவிட்டன. தலை திரும்பினால் அவை உருளும். அவை உருண்டால் உலகம் உருளும்.

"காதுல கல்லா?" அப்பா எழுந்து உட்கார்ந்தார். "இத்தனை நாளா எல்லாரும் எங்காதுல பூ சுத்துறாங்கன்னு நெனச்சேன். கல்லுதான் சுத்திக்கிட்டு இருந்திருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். தலையை இப்படியும் அப்படியுமாகப் படிப்படியாகத் திருப்பிக் கற்களைப் பழைய இடத்துக்கு உருட்டிவிட்டார். மருந்து இல்லை. ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். வைட்டமின் டி குறைவாக இருந்தால் கல் மறுபடி மறுபடி கழன்று வரலாமாம்.

"ரத்தமா? அது என் தொழில்மா" என்றார் அப்பா.

முடிவு வந்தது. வைட்டமின் டி ஏறக்குறைய இல்லை.

"வெயில்லயே போக மாட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"சூரியனுக்கு அடுத்த வீடும்மா நான்."

கண்ணாடி என்றேன் நான். ஒளி வரும், சூடு வரும், வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் மட்டும் கண்ணாடியைத் தாண்டி வராது. இருட்டில் ஏறி இருட்டில் இறங்கிய மனிதர். ஊரிலேயே வெயிலுக்கு மிகப் பக்கத்தில் இருந்துகொண்டு வெயிலே படாமல் இருந்திருக்கிறார். அப்பா அந்தத் தாளைப் பரிசுச் சான்றிதழ் போல விசில் சித்தப்பாவுக்குக் காட்டினார். முதன்முதலாகத் தோற்ற பாடம்.

அந்த ரத்தம் எடுக்கப் போனபோது நடந்ததை எனக்கு இரண்டு முறை சொன்னார். ஊசிப் பொண்ணு வழக்கம்போல, "சாப்டீங்களாப்பா?" என்றாளாம். அப்பா உஷாராக, "இந்த டெஸ்ட்டுக்கு அது வேண்டாமேம்மா" என்றிருக்கிறார்.

"டெஸ்ட்டுக்குக் கேக்கலப்பா. சும்மா கேட்டேன்."

இரண்டு முறையும் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். அவளுக்கு என்ன பதில் சொன்னார் என்று சொல்லவில்லை.

காகிதத்தில் சரியான சொல் ஏறியது. தலைச்சுற்றல், உள்காதில் காரணம், சரிசெய்யப்பட்டது. பாதுகாப்பு அதிகாரி சில வாரம் காத்திருக்கச் சொன்னார், மறுபடி காதைப் பார்த்துவரச் சொன்னார், பிறகு ஏணியைக் காட்டினார். அப்பா ஏறிய முதல் நாள் கீழே இருந்த ஆட்கள் அண்ணாந்து, "மேல்மாடிக்கு ஆள் வந்தாச்சுடோய்" என்று கத்தினார்களாம். மதியம் சித்தப்பா வாக்கி டாக்கியில் கேட்டிருக்கிறார், இத்தனை வருடமும் தினமும் கேட்டதைத்தான்.

"அண்ணே, சாப்டாச்சா?"

"ஆச்சுடா. நீ?"

சித்தப்பா இதைச் சொன்ன பிறகுதான் அப்பா எதற்காக அந்த ஏணியைக் கேட்டு அலைந்தார் என்று எனக்குத் தெரிந்தது. ஊரெல்லாம் அவர் தனியாக இருக்கிறார் என்று நினைத்த இடம் அந்தக் கண்ணாடி அறை. வீட்டில்தான் யாரும் இல்லை.

அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டில் இறந்தார். மாரடைப்பு. காதுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தலை சுற்றல் திரும்பி வரவும் இல்லை. போன் எடுக்கவில்லை என்று பார்க்க வந்த சித்தப்பாதான் ஆள் கூப்பிட்டுக் கதவை உடைத்தார். இதயத் தசை கெட்டால் ரத்தத்தில் தெரியும். அதற்கு ஒரு பரிசோதனை உண்டு. அந்த இயந்திரத்தை நான் எத்தனையோ ஆஸ்பத்திரியில் பிரித்து மாட்டியிருக்கிறேன். அன்றைக்கு அப்பாவின் ரத்தத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு நான் அந்த வீட்டில் இருந்தேன். அலமாரியை நகர்த்தியபோது பின்னாலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறை விழுந்தது. அறுபத்தாறு. அதை என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மாலையில் சித்தப்பா வந்தார். கையில் அப்பாவின் சாப்பாட்டு டப்பா.

"மேல கேபின்ல இருந்துச்சு. சனிக்கிழமை எறங்கும்போது விட்டுட்டு வந்திருக்காரு. நேத்துதான் ஆள் ஏறி எடுத்துட்டு வந்தான். கழுவிட்டேன்."

"மறந்து வைக்க மாட்டாரே."

"மாட்டாரு."

"மிச்சம் இருந்துச்சா சித்தப்பா?"

அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"மிச்சம்னு இல்ல பாப்பா. முழுசா இருந்துச்சு. தொடவே இல்ல."

"மத்தியானம் கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பனா? சாப்டேன்டா, நீ சாப்டியான்னாரு. குரல்ல ஒரு வித்தியாசமும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் ஒரு கம்பி பிசகாம எறக்குனாரு." மூடியைப் போட்டார். அது பொருந்தவில்லை. திருப்பிப் போட்டார். "முடியலன்னு சொல்லியிருந்தா எறங்கச் சொல்லியிருப்பாங்க. அதனாலயா பாப்பா?"

தெரியவில்லை. சனிக்கிழமையே மார்பில் ஏதாவது இருந்திருக்கலாம். வெறுமனே பசிக்காமலும் இருந்திருக்கலாம். அளக்காததற்கு எண் எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

"தெரியல சித்தப்பா" என்றேன்.

டப்பாவை வாங்கி மேடை மேல் வைத்தேன். கவிழ்த்து வைத்திருந்த மற்றப் பாத்திரங்களோடு அதுவும் சேர்ந்துகொண்டது. அவர் வாசல் வரைக்கும் போனார். ஒரு காலைச் செருப்புக்குள் விட்டவர் நின்றார்.

"சாப்டியா பாப்பா?"

"சாப்..." என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது.

"இல்ல சித்தப்பா" என்றேன்.

அவர் செருப்பிலிருந்து காலை எடுத்துவிட்டு உள்ளே வந்தார்.